எட்டாம் பாட்டில்

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் 'நலம்' என்றுதான் எழுதினேன்; ஆய்வக அறிக்கை மேஜைமேல் கிடப்பதைப் பார்த்ததும் அதை அடித்துவிட்டு, நிரூபிக்க முடிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், முக்கியமாக எல்லோருடைய வயிறும், சுகம்தானே? உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்தக் குழாயில், எந்த வழியாக வருகிறது என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கடல் நாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். போன முறை வந்தபோது நீங்களே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடற்கரைக்கு வந்தீர்கள். அதைச் சுத்தப்படுத்த வெளியில் ஒரு குழு மானியம் தருகிறதாம். நாற்பத்திரண்டு பக்க விண்ணப்பம். தண்ணீர்ப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் ஓவர்சியராக இருந்தவன், ஓய்வு பெற மூன்றே மாதம் இருப்பவன், வேறு வேலை இல்லாதவன் என்று அதை என் தலையில் கட்டினார்கள். மேயரம்மா கூப்பிட்டு, "கடல் அழுக்குன்னு என் காலத்துல எழுதறதா? நம்ம கடல் சுத்தம். இன்னும் சுத்தமாக்கணும்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். 'சுத்தமாக இருப்பதை ஏன் சுத்தப்படுத்த வேண்டும்?' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. "சரி, அழுக்குன்னே எழுதுங்க. ஆனா எனக்கு முன்னாடி இருந்தவங்க பண்ணின அழுக்குன்னு எழுதுங்க" என்றார். முன்னாடி இருந்ததும் அவரேதான் என்பதை நான் நினைவூட்டவில்லை. பென்ஷன் வாங்க வேண்டியவன் நான்.

எழுத்தில் சொன்னால் போதாது, எட்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதித்து அனுப்புங்கள் என்று குழு கேட்டது. ஏழு பாட்டில் கடற்கரையோரம் ஏழு இடத்தில். எட்டாவது, ஊர் மக்கள் குடிக்கும் தண்ணீர். ஏழையும் முழங்கால் சேற்றில் நின்று பிடித்தேன். எட்டாவதை மட்டும் ஆசையாக என் வீட்டுச் சமையலறைக் குழாயிலேயே பிடித்தேன். ஊரில் ஒரு நல்ல தண்ணீராவது இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? அறிக்கை வரும் முன்பே விண்ணப்பத்தில் 'எட்டாம் மாதிரி: தூய்மைக்கு எடுத்துக்காட்டு' என்று எழுதிவிட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள், அன்று இன்னும் நன்றாக வந்தது.

நான்காம் நாள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அம்மா போன் செய்தார். "சார், அந்த எட்டாம் நம்பர் எந்தச் சாக்கடை?" என்று கேட்டார். "சாக்கடை இல்லம்மா, எங்க வீட்டுக் குழாய்" என்றேன். "குடிக்கிறீங்களா?" என்றார். "பன்னிரண்டு வருஷமா." "சார், கடல் ஏழும் சேர்ந்தாக்கூட இதுகிட்ட வராது. கொஞ்சம் உட்காருங்க" என்றார். உட்கார்ந்துதான் இருந்தேன் மச்சான். நாற்காலி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர், பாதி குடித்த டம்ளரில், கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம்.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னால், உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். தண்ணீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பன்னிரண்டு வருஷமா வயிறு சரியில்லேன்னா என் கைப்பக்குவம் சரியில்லேன்னீங்களே! எண்ணெய் ஜாஸ்தி, காரம் ஜாஸ்தின்னு போன மாசம்கூட என் அண்ணன் எதிர்லயே சொன்னீங்களே!" என்றாள். ஆமாம், சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். இருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் நீங்கள் கேட்டால் எனக்குக் கொஞ்சம் வசதி.

நான் திருத்துவதற்குள் விண்ணப்பமும் அறிக்கையும் ஒன்றாகக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தன. 'தூய்மைக்கு எடுத்துக்காட்டு' என்ற வரிக்கு நேர் எதிரே அந்த எண்கள். அடுத்த வாரமே குழுத் தலைவி ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். மேயரம்மா அவரைக் கடற்கரைக்கு அழைக்க, அவர் "கடல் அப்புறம். அந்தச் சமையலறையைக் காட்டுங்க" என்றார். தலைவி, மேயரம்மா, ஆய்வகத்தம்மா, இரண்டு போட்டோக்காரர்கள் எல்லாரும் எங்கள் சமையலறையில். உங்கள் தங்கை ஒருத்திக்கே போதாத இடம் அது. வீட்டுக்குப் பின்னால் சந்தில் குழாய்க்காரர் தோண்டினார். நாலடி ஆழத்தில் நிமிர்ந்து, "சார், குடிதண்ணிக் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கு. ரெண்டுலயும் விரிசல்" என்றார். "வரைபடத்துல பன்னிரண்டு அடி தள்ளி இருக்கேப்பா!" என்றேன். "வரைபடத்துல இருக்கும் சார். மண்ணுல இல்ல" என்றார்.

தலைவி வரைபடத்தை வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் 'நேரில் சென்று பார்வையிட்டுச் சரிபார்த்தேன்' என்று அழகான எழுத்தில் இருந்தது, கீழே கையெழுத்து. "இது யாரோடது?" என்றார். மேயரம்மா, "எனக்கு முன்னாடி இருந்தவங்க…" என்று ஆரம்பித்தார். எனக்கு அந்த எழுத்து தெரியும் மச்சான். அந்த வளைவு, அந்தச் சுழி. "என்னோடதுங்க" என்றேன். அது நல்ல மழை நாள். இந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஒப்பந்தக்காரர் காகிதத்தை என் மேஜைக்கே கொண்டுவந்தார், சூடாக டீயும் வந்தது. மேஜையில் இருந்தபடியே நேரில் பார்வையிட்டுவிட்டேன். அடுத்த மாதமே, புதுக் குழாய் போட்ட தெரு என்று பெருமையாக இதே தெருவில் வீடு பார்த்து உங்கள் தங்கையைக் குடிவைத்தேன். நான் தோண்டாத குழியில் நானே விழுந்திருக்கிறேன். கூடவே தெருவிலுள்ள நாற்பது வீட்டையும் தள்ளியிருக்கிறேன். தெருக்கோடியில் கடலில் நாறுவதும் இதே விரிசலின் உபயம்தானாம்.

அன்று மாலையே வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன். சிலர் திட்டினார்கள். அது சுலபமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மட்டும் திட்டவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "எம் பொண்ணு ரெண்டு தடவை ஆஸ்பத்திரில படுத்தா சார். வெளித் தண்ணி குடிக்காதேன்னு டாக்டர் சொன்னார்னு, ஸ்கூலுக்குக்கூட வீட்டுத் தண்ணியத்தான் கொடுத்தனுப்பினேன்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "நீங்க போங்க சார், இன்னும் எத்தனையோ வீடு இருக்கு" என்று மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். மச்சான், என் ஆயுளில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்துக்கு நாற்பத்து மூன்றாம் பக்கம் எழுதினேன். மழை, டீ, மேஜை, கையெழுத்து, தையல்காரம்மாவின் மகள், எல்லாம் அதில் இருக்கிறது. மேயரம்மா படித்துவிட்டு, "இதைக் கிழிச்சுப் போடுங்க. ஊர் மானம் போகும், உங்க பென்ஷனும் போகும்" என்றார். "ஊர்த் தண்ணி போயிடுச்சும்மா" என்றேன். அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே திகைப்பு. தலைவியிடம் நேராகக் கொடுத்துவிட்டேன். நேற்றுப் பதில் வந்தது. மானியம் கிடைத்துவிட்டது. முதல் வேலை எங்கள் தெருவில். புதுக் குழாய் லாரியில் வந்து இறங்கியாயிற்று. அதே தபாலில் இன்னொரு கடிதமும் வந்தது. மானியம் ஊருக்கு, விசாரணை எனக்கு. நியாயம்தான்.

இப்போது உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். குழி தோண்டிய நாளிலிருந்து உங்கள் தங்கை என்னிடம் பேசுவதில்லை. நான் எட்டாம் பாட்டில் என்று ஆரம்பித்தாலே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாள் போலிருக்கிறது. அண்ணன் சொன்னால் கேட்பாள். இரண்டு வரி ஆறுதல் எழுதுங்கள். அவளுடைய சமையலையும் ஒரு வரி புகழ்ந்து எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி: எதில் கையெழுத்துப் போட்டாலும் காலில் சேறு பட்ட பிறகே போடும் புத்தி அவர்களுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை மட்டும் குடிக்கும்,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். அன்று காலை அவர் பிடித்து வைத்த எட்டாம் பாட்டிலை, அவர் குளிக்கப் போயிருந்தபோது என் முழங்கை தட்டிக் கொட்டிவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நின்று போயிருந்தது. இவர் வந்து கத்துவாரே என்ற பயத்தில், பக்கத்துச் சட்டியில் இருந்த, மூன்றாம் தடவை மீன் அலசிய தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆய்வகத்தில் நாறினது அந்த மீன்தான் அண்ணா. குழி தோண்டும்போது சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனேன். அதற்குள் குழாய்க்காரர் விரிசல் என்று கத்திவிட்டார். உண்மையாகவே இருந்திருக்கிறது! மீன் வாங்காத நாளாக இருந்திருந்தால் தையல்காரம்மா பெண் மூன்றாவது தடவையும் படுத்திருப்பாள். இவரிடம் மூச்சு விட்டுவிடாதே. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பக்கம் நிஜம் எழுதியிருக்கிறார், மீனால் எழுதினோம் என்று தெரிந்தால் தாங்கமாட்டார். நான் அழவில்லை. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன், அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று நினைக்கிறேன்.