கருவாட்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை

நமுனுகுல,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள மச்சான் ஜொனி அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் மன்னாரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே எல்லாம் சுகம், என் தோலைத் தவிர.

ஐந்து மாதமாக உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்து அரிக்கிறது. உங்கள் தங்கச்சி லூசியா, நீங்கள் அனுப்பும் கருவாடுதான் காரணமென்று விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டாள். "அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேங்க, இனி பார்சல் வராது" என்றாள். நீங்களும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவிட்டீர்கள். நியாயமா மச்சான்? நாலு மாதமாகப் பருப்பும் கீரையுந்தான். தடிப்பு மட்டும் ஒருநாள் கூட லீவு எடுக்கவில்லை.

கருவாட்டின் மானத்தைக் காப்பாற்றவென்றே பதுளைக்குப் போய் டொக்டர் ஷாஹ்மியிடம் காட்டினேன். இரத்தம் சோதிக்க எழுதித் தந்தார். ரிப்போர்ட் கிடைத்ததும் பஸ்ஸிலேயே பிரித்தேன். முப்பத்திரண்டு வருசம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளைக்கு ஒரு தாள் வாசிக்கத் தெரியாதா? ஐ.ஜி.ஈ. என்ற ஒன்றுக்கு நூறு வரை என்று போட்டிருந்தது. எனக்கு அறுநூற்று நாற்பது! தைரொயிட் சம்பந்தமான இன்னொன்றுக்கு முப்பத்தைந்து. எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழு நாள் பேர் விழும், முழுச் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். நூறு கேட்ட இடத்தில் அறுநூற்று நாற்பது கொடுத்தவனை யார் குறை சொல்ல முடியும்? சி.ஆர்.பி. மட்டும் ஐந்துக்கு இரண்டுதான், கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜீவராணி அக்கா கூடக் கை கொடுத்தார்.

மறுநாள் டொக்டர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சி.ஆர்.பி. அரைப் பேராப் போச்சுங்க சேர், அடுத்த தடவ கூட்டிடுறேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, இது கொழுந்து நிறுவை இல்ல. இதுல குறைஞ்சாத்தான் நல்லம். ஒங்கட ஒடம்பு ஒங்களோடயே சண்ட பிடிக்குது, அதான் தடிக்குது."

"அப்ப கருவாடு?"

"நாலு மாசமாத் தின்னாமலே தடிக்குதே! கருவாட்டுல பிழை இல்ல. நான் எழுதித் தாற மருந்துக் குளிசைய மட்டும் விடாம போடுங்க."

கருவாடு விடுதலையான சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். மற்றதெல்லாம் மறந்தே போனது. ஆகவே கோபதாபம் பாராமல் உடனே பார்சலை அனுப்புங்கள். கட்டா மீன் கருவாடு அதிகமாக, நெத்தலி கொஞ்சம்.

மடு மாதா உங்கள் எல்லோரையும் கண்போலக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை கபிரியேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லூசியாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. விசாரித்ததில், நீங்கள் நிறுத்தவே இல்லையாம். மாதம் தவறாமல் பார்சல் ஜீவராணி அக்கா பெயருக்கு வந்து, அங்கேயே குழம்பாகி, இருவருமாகச் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். "வாசம் பட்டா நீங்க ஏங்கிப் போயிருவீங்கன்னுதாங்க அங்க வச்சு ஆக்குனோம்" என்கிறாள். நாலு மாதத்தில் அவளுக்கு ஒரு தடிப்புக் கூட இல்லை. மேலே உங்களைக் குறை சொன்னதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பார்சல் என் பெயருக்கே வரட்டும். தபால்காரரிடம் நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.