எலும்பு மாஸ்டரின் சஹன்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தேடினாலும் எலும்பு மாஸ்டரைப் போல ஒரு கோபக்காரரைக் காட்ட முடியாது. நாமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனோடு கோபித்துக்கொள்வோம். அவர் இருநூறு வருசத்துக்கு முந்திய இங்கிலாந்து வியாபாரிகளோடு கோபித்துக்கொண்டவர்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திரம், நான் கணக்கு. வெள்ளைக்காரன் ஆண்ட அமெரிக்காவில் சிலர் மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, வெள்ளைக் களிமண்ணில் குழைத்துச் சொந்தமாகப் பீங்கான் செய்தார்களாம். இங்கிலாந்துக்காரன் தன் கோப்பைகளை மலிவாகக் கொண்டுவந்து கொட்ட, பட்டறை படுத்துவிட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் மேசையில் குத்துவார்.

"மாஸ்டர், அவனுகள் உங்கட சொந்தக்காரனா?" என்று கேட்டேன்.

"காணும், கதைக்காதீங்க! நம்மட கடைத்தெருவப் போய்ப் பாருங்க!" என்று என்மேல் பாய்ந்தார்.

அது எழுபதுகளின் கடைசி. இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கடையெல்லாம் பூப்போட்ட வெளிநாட்டுப் பீங்கான். மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டான சஹன், தன் கையால் செய்ததாகத்தான் இருக்கும் என்று மாஸ்டர் சபதம் போட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளில் மாடறுத்துப் பங்கிடும் குர்பான் முடிந்ததும் வீடு வீடாக எலும்பு கேட்டுப் போனார். பின்னால் ஊர் நாயெல்லாம் ஊர்வலம். முதல் கோப்பையை பேக்கரிப் போறணையில் சுட்டார். அது தேத்தண்ணீரில் கரைந்தது. எலும்பு வெந்த அடுப்பென்று அன்றைய பாண் ரொட்டியை எவனும் வாங்கவில்லை. பிறகு சம்மாந்துறைச் செங்கல் சூளையில் சஹனைச் சுட்டெடுத்தார். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஆனாலும் உடையவில்லை.

கலியாணப் பந்தலில் வினை வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா, பீங்கான் கடை ஹாஜியார், சாப்பாட்டிலிருந்து எழும்பிவிட்டார்.

"எலும்புத் தட்டில நாங்க தின்ன மாட்டம். ஹறாமோ ஹலாலோ, ஆருக்குத் தெரியும்?"

ஊரே தலையாட்டியது. அந்த எலும்பைத் தங்கள் கையாலேயே அள்ளிக் கொடுத்த ஊர்! அந்தத் தலைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே மகள் அழுகிற சத்தம் கேட்டது.

மாஸ்டர் பந்தலைப் பிய்த்தெறிவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்:

"ஹாஜியார், இது நீங்க பிஸ்மி சொல்லி அறுத்த குர்பான் மாட்டெலும்பு. உங்கட கடையில விக்கிற இங்கிலாந்துக் கோப்பையிலயும் எலும்புச் சாம்பல்தான். அது எந்த மிருகத்துட எலும்பு? ஆர் அறுத்த?"

ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அலுமாரியில் அடுக்கிய பூப்போட்ட கோப்பைகளை நினைத்திருக்க வேண்டும். ஹாஜியார் திரும்ப உட்கார்ந்து பிஸ்மி சொன்னார். சஹன் சாய்ந்திருந்ததால் இறைச்சியெல்லாம் அவர் பக்கமே உருண்டது. அதை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதே சூளையில் சுட்ட கோப்பை ஒன்றை மாஸ்டர் எனக்குத் தந்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கோப்பை இருக்கிறது. அடி கோணல், மேசையில் வைத்தால் சாயும். அதனால் தேத்தண்ணீர் முடியும்வரை கையிலேயே பிடித்திருப்பேன். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம்.