ரப்பையில் நாமக்கட்டி

கண்ணைப் பற்றி எவ்வளவு படித்தாலும், சொந்தக் கண்ணைப் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும். நேர்காணலுக்குப் போன அன்று என் பையில் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. கண்ணாடி மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைத் தாண்டி கண் பரிசோதனைப் படிப்பும் முடித்திருந்தேன். வண்ணார்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையில், நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலை. கிடைக்காவிட்டால் சித்தப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும் என்பது வீட்டில் ஒப்பந்தம்.

அன்று பார்த்து வலது மேலிமையில் கட்டி. அம்மா நாமக்கட்டியை உரைத்துக் கெட்டியாக அப்பிவிட்டாள். "ஏட்டி, காயுத வரைக்கும் தொடாத. பஸ்ல தொடச்சிக்கிடலாம்."

விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறியதும் பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தேன், துடைக்க மறந்தேன். எதிரே இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். படித்த களை தெரிகிறது போலும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நேர்காணலில் மருத்துவர் அம்மா ஒரு நோயாளியைக் காட்டி, இமையைப் பற்றி அவருக்கு விளக்கச் சொன்னார். டவுணில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. இமைக் கட்டியை அகற்றி, ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

விடுவேனா? இமை கண்ணுக்குக் கதவு என்றேன். கண்ணீரைக் கண் முழுக்கப் பரப்புவதும் அதுதான் என்றேன். இமைத்தல், இமைப்பொழுது எல்லாம் அதிலிருந்து வந்த சொற்கள் என்றும் (யாரும் கேட்காமலே) சேர்த்தேன். அண்ணாச்சி மிச்சமிருந்த கண்ணால் விழித்தார். இமையை ரப்பை என்று சொன்னால் அவருக்குப் புரியும் என்றார் மருத்துவர். எங்கள் வீட்டுச் சொல்தான். படித்தவள் வாயில் வரலாமா என்று அடக்கி வைத்திருந்தேன்.

"ரப்பையச் சுத்தமா வச்சிக்கிடணும், அண்ணாச்சி. கட்டி வந்தா சிலபேரு நாமக்கட்டிய அப்புதாங்க. சுத்த அறியாமை."

அண்ணாச்சி கொஞ்சம் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சரிம்மா. அப்ப ஒங்க ரப்பையில என்னத்த அப்பியிருக்கிய?"

நான் இமைத்தேன். (இமைத்திருக்கக் கூடாது.) காய்ந்த நாமக்கட்டி பொருக்காகப் பெயர்ந்து மருத்துவரின் மேசையில் விழுந்தது.

மருத்துவர் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "இனி செத்தாலும் நாமக்கட்டியத் தொடமாட்டேன்" என்றார் அண்ணாச்சி. சொன்னது ஒரு நோயாளியின் மனதில் இப்படிப் பதிந்து தான் பார்த்ததில்லை என்று சொல்லித்தான் மருத்துவர் வேலை கொடுத்தார். மாப்பிள்ளை தப்பித்தார்.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் அப்பா கை நீட்டி நிறுத்துவார்: "மொதல்ல ஒன் ரப்பையத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்ப்பேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.