பட்டம் வாங்கும் வரைக்கும்

"யாரப்பா இந்தப் பெண்?" என்று கேட்டார் பேராசிரியர் நாகேந்திரன்.

மணவாளனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்பத்தூர் ஏரிக்கரைச் செங்கல் சூளையில் வெயிலோடு வந்து நின்ற பேராசிரியருக்குச் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தவள் பூங்காவனம். ஆனி மாதம் அவன் தாலி கட்டிய மனைவி.

"இங்கே... சூளையில வேலை செய்யற பொண்ணு சார்" என்றான்.

பூங்காவனம் சொம்பைக் கீழே வைக்கவும் மறந்து அவனையே பார்த்தாள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றம் விதியினுடையது. பி.இ. முடித்து, உபகாரச் சம்பளத்தில் பட்டணத்துக் கல்லூரியில் மேற்பட்டத்துக்குச் சேர்ந்திருந்தான். தொழிற்சாலைகளில் ஆட்களும் யந்திரங்களும் வீண் அசைவு இல்லாமல் வேலை செய்வது எப்படி என்பது படிப்பு. அந்தப் பட்டத்துக்கு விதிகள் பல. இரண்டு வருஷம் படிக்க வேண்டும். ஒரு வேலைத்தலத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து தீஸிஸ் எழுத வேண்டும். மேற்பார்க்கும் பேராசிரியர் நேரில் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டம் வாங்கும் வரைக்கும் மாணவன் பிரம்மசாரியாக இருக்க வேண்டும்.

சேர்ந்த அன்றே பேராசிரியர் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். "மணவாளன்னு பேர் வெச்சிருக்கே. பேரோட நிறுத்திக்கோ."

அவனும் நிறுத்திக்கொள்ளத்தான் பார்த்தான். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்த தாய்மாமன் விடவில்லை. நசரத்பேட்டையில் பெண் பார்த்து முகூர்த்தமும் வைத்துவிட்டார். பட்டம் கையில் வந்ததும் கல்லூரியில் சொல்லிக்கொள்ளலாம் என்று மணையில் உட்கார்ந்தான். தனிக்குடித்தனம் வைத்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்ற ஆசையில், ஆராய்ச்சிக்கும் மாமாவின் சூளையையே எடுத்துக்கொண்டான். அங்கேதான் வந்தது வினை.

"சூளைப் பெண்ணா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் பேராசிரியர், சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டே. "கல்லைத் தூக்கச் சொல்லு. பார்ப்போம்."

"சார், இப்ப சாப்பாட்டு வேளை..."

"ஒரே ஒரு நடை."

மணவாளன் பூங்காவனத்தைப் பார்த்து, பேராசிரியருக்குத் தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினான். அவள் புதுப்புடவை முந்தானையையே சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

சூளை மேஸ்திரி வேம்புலி அலறிக்கொண்டு ஓடிவந்தான். "ஐயய்யோ, சின்னம்மா! இன்னா இது? நீங்க போயி கல்லு தூக்கிகினு!"

பேராசிரியர் திரும்பினார். "சின்னம்மாவா? உன் மக வயசு இருக்கும். இவளா உனக்குச் சின்னம்மா?"

வேம்புலி வாயைத் திறப்பதற்குள் மணவாளன் குறுக்கே பாய்ந்தான். "உறவு முறையில சார். இவனோட சித்தப்பா சம்சாரம். சித்தப்பா இவனைவிடச் சின்னவர்."

"எனக்கு ஏது நைனா சித்தப்பா?" என்றான் வேம்புலி.

மணவாளன் அவன் காலை மிதித்தான்.

"...இருந்தாரு. இருந்தாரு" என்றான் வேம்புலி.

"இருந்தாரா? இப்போ எங்கே?" என்றார் பேராசிரியர்.

"பட்டாளத்துல சார்" என்றான் மணவாளன். யுத்த காலம். வேறு எந்த இடமும் அவனுக்குத் தோன்றவில்லை. "பர்மாவில."

பேராசிரியரின் முகம் வாடிப்போயிற்று. கல் சுமந்து வந்தவளைப் பரிவோடு பார்த்தார். "பாவம். தோளில அசைவு ஜாஸ்தி. பழக்கமே இல்லாதவ மாதிரி தூக்கறா. இதைத்தான் நீ திருத்தணும். ஆனா ஒண்ணு. ஆரம்பிச்ச ஆளையே கடைசி வரைக்கும் வெச்சுப் பார்க்கணும். நடுவில ஆளை மாத்தினா தீஸிஸ் செல்லாது. விதி."

இப்படியாக, நசரத்பேட்டையில் பத்தாயத்து நெல்லோடு வளர்ந்த பூங்காவனம், பேராசிரியர் வரும் நாளெல்லாம் செங்கல் சுமந்தாள். தூரத்தில் நின்று அவள் நடையை எழுதிக்கொண்டான் அவள் புருஷன். தீஸிஸில் அவளுக்குப் பெயர் இல்லை. 'பெண் தொழிலாளி' என்று எழுதினான். எழுதும்போதெல்லாம் பேனா கனத்தது. ஆனாலும் எழுதினான்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் பூங்காவனம். பட்டம் வாங்கற வரைக்கும்."

"கல்லு தூக்கறது கஷ்டமில்லீங்க" என்றாள் அவள், உள்ளங்கைக் கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே. "அவரு எதுருல என்னை யாரோ மாதிரி பாக்கறீங்களே, அதான். அப்போ உங்க மூஞ்சி நெசமாவே யாரோ மாதிரி கீது."

 அடுத்த முறை பேராசிரியர் வந்தபோதும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொண்டான்.

பேராசிரியர் நல்ல மனிதர். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பர்மாவுக்குப் போனவனின் மனைவி வெயிலில் கல் சுமப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், ஆவடிப் பட்டாள முகாமில் தமக்குத் தெரிந்த ஒரு காப்டனிடம் சொல்லிவைத்தார். 'புருஷனைப் பற்றி விசாரித்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது வழி செய்யுங்கள்.'

அம்பத்தூர்க் கடைத்தெருவில் காக்கி உடுப்போடு ஒரு சிப்பாய் சைக்கிளை நிறுத்தினான். "பூங்காவனம்னு ஒரு அம்மா. ஊட்டுக்காரர் பர்மாவுக்குப் போயிருக்காராம். எந்த ஊடு?"

அவன் கேட்டது அவ்வளவுதான். நசரத்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சேதி பாதி வழியில் வளர்ந்துவிட்டது. படிக்கப் போகிறேன் என்று தினமும் ரயில் ஏறிய மாப்பிள்ளை திருட்டுத்தனமாகப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானாம். பர்மாவில் போயே போய்விட்டானாம். சிப்பாய் வந்து சொல்லிவிட்டுப் போனானாம்.

மறுநாள் மத்தியானம் மணவாளன் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. தலைவிரி கோலமாகப் பெண்கள் இறங்கி, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

"ராசாவே! பர்மா மண்ணுலயா பாய் விரிச்சே!"

யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தான் மணவாளன்.

ஒப்பாரி பாதியில் நின்றது. வண்டியிலிருந்து இறங்கிய மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உயிரோடவா கீறே?" என்றார். கேட்ட தோரணையில் சந்தோஷத்தைவிட மனக்குறையே அதிகம் இருந்தது.

"ஆமா மாமா."

"அப்போ பர்மாவுல செத்தது எவன்?"

மணவாளன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல மாமனாரின் முகம் கறுத்தது. கடைசியில் மகளின் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தார்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். கூலிக்கு அனுப்பல" என்றார். "ஏறும்மா வண்டில."

ஒப்பாரி வைக்க வந்த வண்டியிலேயே பூங்காவனம் ஏறினாள். ஏறும்போது சொன்னாள். "இவதான் என் பொண்டாட்டின்னு அவரு மூஞ்சிய பாத்து நீங்க வாயால சொல்லணும். நான் பக்கத்துல நிக்கணும். அன்னிக்கி வரேன்."

மணவாளன் அன்று மாலை சூளைப் பக்கம் போனான். வேம்புலி அவனோடு பேசவில்லை. இரண்டு வருஷப் படிப்பு, உபகாரச் சம்பளம், பட்டத்துக்குப் பிறகு கிடைக்கப்போகும் பெரிய உத்தியோகம் எல்லாம் ஒரு பக்கம். காலியாகக் கிடந்த வீடு ஒரு பக்கம். சில நாள் தனியாகவே சமைத்துத் தின்று பார்த்தான். சாதம் குழைந்தது. தீஸிஸைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் 'பெண் தொழிலாளி' நடந்துகொண்டிருந்தாள். மூடி வைத்துவிட்டு நசரத்பேட்டைக்கு நடந்தான்.

அமைந்தகரையில் பேராசிரியரின் பங்களா. வாசலில் கல்லூரிச் சேவகன் மதுரைவீரன் நின்றிருந்தான். அந்த வீட்டிலேயே பல வருஷமாக ஊழியம் செய்பவன். அவன் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வாசற்படியோரம் நின்றுகொள்ள, பேராசிரியர் கூடத்துக்கு வந்தார்.

மணவாளன் பூங்காவனத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். "சார், இவ என் சம்சாரம். பர்மாவுல யாரும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

பேராசிரியர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான். அவர் கோபிக்கவில்லை. வெகுநேரம் பூங்காவனத்தின் கழுத்து மஞ்சள் கயிற்றையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அக்கா, இந்தப் பொண்ணை அழைச்சிண்டு போய்க் காபி கொடு" என்றார்.

நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்து பூங்காவனத்தின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "மணவாளா, நீ சொன்னது என் காதில விழலை. தீஸிஸ் பிரமாதமா வந்திருக்கு. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. அவளை அவ அப்பா வீட்டில விடு. கேட்டா யாரோ உறவுன்னு சொல்லு. பட்டம் வாங்கின பிறகு மெதுவா எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்."

மணவாளனுக்குச் சபலம் தட்டியது. கொஞ்ச நாள். வெறும் கொஞ்ச நாள். அப்போது சமையலறையிலிருந்து பூங்காவனம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

"வேண்டாம் சார்" என்றான்.  "கல்லூரியிலேருந்து என் பேரை அடிச்சிடுங்க."

"முட்டாள்" என்றார் பேராசிரியர். ஆனால் அவர் பார்வை சமையலறைப் பக்கம் போயிற்று. "விதிப்படி அடிக்கத்தான் வேணும்."

வெளியே வந்தபோது மணவாளனின் கண் கலங்கியிருந்தது. இரண்டு வருஷம் வீண். மாமாவிடம் என்ன சொல்வது? ஊரில் யார் முகத்தில் விழிப்பது? ஒருவேளை அவசரப்பட்டுவிட்டோமோ? இன்னும் கொஞ்ச நாள்தானே கேட்டார்?

பூங்காவனம் நெற்றியில் புதுக் குங்குமத்தோடு வந்தாள். "அந்த அக்கா எவ்ளோ நல்லவங்க தெரியுமா? அவங்களே வெச்சு வுட்டாங்க. தம்பி ஊட்டுல கீறீங்களே, உங்க ஊட்டுக்காரர் எங்கேன்னு கேட்டேன். 'இருக்கார்மா, அவருக்கு எப்பவும் படிப்பும் வேலையும்தான்'னு சொல்லி அழுதுட்டாங்க. பாவம், எந்த ஊர்ல கீறாரோ அந்த மனுசன்."

கேட்டைத் திறந்துவிட்ட மதுரைவீரன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எந்த ஊர்லயும் இல்ல தாயீ, உங்க ஊட்டுக்காரர்கிட்ட இப்போ 'கொஞ்ச நாள் பொறுத்துக்கோ'ன்னு சொன்னாரே, அவருதான்."