ஏழாம் பட்டனில் என் மனைவி

செத்தவர்கள் ஸ்டீரியோவில் பேசுகிறார்கள் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? வாசலில் செருப்புக்கு மேல் செருப்பு. மாடிப்படி முழுக்க ஆட்கள்.

உள்ளே மேசைமேல் ஒரு ஸ்டீரியோ. பக்கத்தில் ஸ்டீரியோ சாமி. இரண்டு வானொலி நிலையங்களுக்கு நடுவே இரைச்சல் வருமே, அங்கேதான் ஆவிகள் குடியிருக்கின்றனவாம். சாமி குமிழைத் திருகித் திருகி ஆவியைப் பிடிப்பார். பிடித்ததும் ஒரு பட்டனை அழுத்திப் பிடிப்பார். ஆவி அதில் பதிந்துவிடும். அப்புறம் ஒரே அழுத்து, அப்பா ஆஜர். உயிரோடு இருந்தபோது கூப்பிட்ட குரலுக்கு வராத அப்பா!

நிலைய எண் தெரியும் கண்ணாடிமேல் கறுப்பு டேப். வெளிச்சம் ஆவிக்கு ஆகாதாம். பட்டனில் வேறு விரல் பட்டால் ஆவி அழிந்துவிடுமாம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"எங்கப்பா மூணாம் பட்டன்," என்றார் பக்கத்தில் நின்ற தையல்காரர், பெருமையாக. "குரல்தான் கொஞ்சம் கீச்சுனு ஆயிடுச்சு. அங்க குளிர் போல."

என் மனைவி ஏழாம் பட்டன். அவள் அம்மா பதிய வைத்தது.

"வளையலைக் கேக்கறா மாப்பிள்ளை," என்றார் அத்தை. மடியில் பொட்டலம். "சாமிகிட்ட குடுத்தாதான் ஏழுல நிலைச்சு இருப்பாளாம். இல்லேன்னா அதுல வேற யாரையாவது பதிஞ்சிடுவாராம்."

"அவளோடதுன்னு வீட்டுல இருக்கறது அது ஒண்ணுதான். குடுக்காதீங்க அத்தை."

"நீங்க மறந்துட்டீங்க. உங்களுக்கென்ன?"

எங்கள் வீட்டிலும் இதே ஸ்டீரியோதான். நிலையங்களைத் தேடிப் பதிந்தவள் அவள். பட்டனுக்குப் பின்னால் ஓர் எண் மட்டுமே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சாமி ஏழாம் பட்டனை அழுத்தினார்.

"அம்மா... நல்லா இருக்கீங்களா? வளையலை சாமிகிட்டயே குடுத்துடுங்க..."

அத்தை பொட்டலத்தை நீட்டினார். நான் எட்டி மூன்றாம் பட்டனை அழுத்தினேன்.

"டேய்! ஆவி அழிஞ்சிடும்டா!" என்று அலறினார் சாமி.

அழியவில்லை. "சாமி சொன்னா கேளுங்கம்மா..." என்று அதே குரல் தொடர்ந்தது.

"மூணு எங்கப்பாவாச்சே!" தையல்காரர் துள்ளினார். "இவரு யாரைய்யா அம்மாங்கறாரு?"

பத்தை அழுத்தினேன். பதினொன்றை அழுத்தினேன். எங்கும் என் மனைவி. டேப்பை உரித்தேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் கண்ணாடியில் ஒரே எண்தான். ஒரே நிலையம்.

அந்த நிலையம் பின்னறையில் இருந்தது; மூடிய கதவுக்குப் பின்னாலும் அதே குரல் கேட்டது. தையல்காரர் ஒரே உதையில் கதவைத் திறந்தார். கையகல ஒலிபரப்புக் கருவி, மைக், சாமியின் மனைவி.

"எங்கப்பாவும் நீதானா?"

"மூணு மட்டும் இல்லண்ணே," என்றாள் அவள் களைப்பாக. "இருபது பட்டனும் நான்தான்."

சாமி பின்வாசல் வழியாகப் பறந்தார், மனைவியைக்கூட விட்டுவிட்டு.

படியிறங்கும்போது அத்தை பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். "அவ குரல் மாதிரியே இருந்துச்சே மாப்பிள்ளை."

"அவ என்னைக்கு அத்தை உங்களை 'இருக்கீங்களா'ன்னு கேட்டிருக்கா?"

அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, வா போன்னுதான் பேசுவா."

பின்னால் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவன் டூப்பு. அடுத்த தெருவுல ஒருத்தர் டிவியிலயே வரவழைக்கறாராம், முகத்தோட!"

கூட்டம் செருப்பைத் தேடத் தொடங்கியது.

செத்தவர்களுக்கு மூளை வேலை செய்யாது, சரி. உங்களுக்கு என்ன கேடு?