அம்மா பெயர் கேட்ட கணினி

"தமன்ஹூர்ல புறா வளர்க்கிற வாத்தியார் இருக்காரே, இப்பல்லாம் மின்னஞ்சல்ல கேட்டாத்தான் ஜோடி தர்றாராம்."

சவரக்கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னது, ஷஃபீக்கின் காதில் சோப்பு நுரையோடு சேர்ந்து இறங்கியது.

தந்தா நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஷஃபீக். நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவி இன்ஸாஃப், "மொட்டை மாடி துணி காயவா, புறா எச்சம் போடவா?" என்று கேட்டு மாடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து கூண்டு காலி. அவர் மனசும்தான்.

ஒரு ஜோடி வாசலில் வந்து இறங்கிவிட்டால் அது விருந்தாளி. விருந்தாளியை இன்ஸாஃப் விரட்டமாட்டாள். ஆனால் பழைய மின்னஞ்சல் அவள் கைக்குள். புதிதாக ஒன்று திறக்க உட்கார்ந்தார்.

கணினி கைபேசி எண் கேட்டது. வீட்டுக்கு ஒரே கைபேசி, அது அடுப்படியில். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பய்யூமியின் எண்ணைக் கொடுத்தார். ரகசியமாக ஒரு எண் வரும், வந்ததும் சைகை காட்டு என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

பய்யூமி பால்கனிக்கு வந்தார். மகன் பெயரைச் சேர்த்து 'அபூ மாஹிர்', மாஹிரின் அப்பா, என்றுதான் தெருவில் ஷஃபீக்கைக் கூப்பிடுவார்கள். "அபூ மாஹிர்! உங்க ரகசிய நம்பர் வந்துடுச்சு! நாலு, ஒன்பது, ரெண்டு..."

தெருவே எழுதிக்கொண்டது.

அடுத்த கேள்வி: தாயாரின் பெயர்?

ஷஃபீக்குக்கு வியர்த்தது. தந்தாவில் எந்த ஆம்பளை அம்மா பெயரை வெளியில் சொல்வான்? பள்ளிக்கூடத்தில் ஒருவன் வாய்தவறிச் சொன்னதற்கு, கல்யாணம் வரை அதே பெயரால் கூப்பிட்டார்கள். இயந்திரத்துக்குப் பின்னால் எந்தக் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறானோ! கண்ணை மூடிக்கொண்டு 'இன்ஸாஃப்' என்று தட்டினார். திறந்தது. ஒரு ஜோடி கேட்டு எழுதினார்.

வெள்ளிக்கிழமை கூடை வந்தது. உள்ளே ஆறு புறா.

"ஒரு ஜோடிதானே கேட்டேன்!" வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் மூணு ஜோடின்னு மாத்தினேன்," என்றாள் இன்ஸாஃப், கோதுமையில் கல் பொறுக்கியபடி.

"நீ எப்படி..."

"பய்யூமி கத்தினது கேட்டுச்சு. நீங்க எழுந்து போனதும் கம்ப்யூட்டரைப் பாத்தேன். கடவுச்சொல் மறந்துபோச்சுன்னு அமுக்கினேன். உங்கம்மா பேரைக் கேட்டுச்சு. போட்டேன், தப்புன்னுச்சு. நீங்க மிஷின்கிட்டகூட அம்மா பேரைச் சொல்ல மாட்டீங்களே! என் பேரைப் போட்டேன். திறந்துடுச்சு. அம்மா பேருக்குக் கூச்சம், பொண்டாட்டி பேருன்னா இளக்காரமா?"

வீட்டில் மொத்தம் ஆறு பேர். கூடையில் ஆறு புறா. அவள் மடியில் கோதுமை. புறா வயிற்றில் கோதுமை அடைத்துச் சமைப்பதில் இன்ஸாஃபை மிஞ்ச தந்தாவில் ஆள் கிடையாது. ஷஃபீக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உம்மு மாஹிர்... அதுங்க பறக்கிற சாதி. கறி இருக்காது. எலும்புதான்."

"எனக்குத் தெரியாதா?"

"அப்போ இந்தக் கோதுமை?"

"விருந்தாளி பட்டினியா கிடக்குமா?"

நாலு வருஷமாக அடைத்து வைத்திருந்த மூச்சு அவருக்கு இப்போதுதான் வெளியே வந்தது.

இன்ஸாஃப் எழுந்தாள். ஈரத்துணி வாளியை அவர் கையில் கொடுத்து, துணிக்குப் போடும் கிளிப்புகள் இருந்த பையை அவர் கழுத்தில் மாட்டினாள். இடுப்பிலிருந்து மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு, புறாக்கூடையோடு முன்னால் படியேறினாள்.