எட்டுக் காது ஆனால் கூட்டம்

காஞ்சிபுரத்தில் இன்றைக்கு இருப்பவர்களிலேயே நன்றாகப் பேசத் தெரிந்தவன் யார் என்று கேட்டால், யோசிக்காமல் மூணாளு என்று சொல்லுவேன். பேசும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பார்த்ததில்லை. ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவன் பேசும்போது நாங்கள் எல்லோரும் பார்த்திருப்பது அவன் முதுகைத்தான்.

மூணாளு ஆட்டோ ஓட்டுகிறவன். கோயில் தெரு முனையில் இருக்கும் ஸ்டாண்டில் அவன் வண்டி நிற்கும். எதிரே என் ஜெராக்ஸ் கடை. அவனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ரேஷன் கார்டில் இருக்கும். ஸ்டாண்டில் அவன் மூணாளுதான். மூன்று பேருக்கு மேல் வண்டியில் ஏற்றவே மாட்டான். எங்கள் ஊர் ஆட்டோவில் எட்டுப் பேர் ஏறி, ஒன்பதாவது ஆள் டிரைவர் மடியில் பாதி உட்கார்ந்து போவதுதான் வழக்கம். அந்த ஊரில் இப்படி ஒருத்தன்.

ஒரு தடவை புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

"நாலு ஆவுதுமா. வேற வண்டி பாருங்க."

"இன்னாப்பா, கொயந்த கூட ஆள் கணக்கா? மடியில வெச்சிக்கறேன்."

"மடியில வெச்சாலும் அதுக்குக் காது இருக்குதில்ல?"

அந்தம்மா பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ காது நோய் பரவுகிறது என்று பயந்து அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். மூணாளுக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேருக்கு நேர் ஒருத்தர் நின்றால் "சில்லறை இருக்குதா" என்கிற அளவுக்கு நாலு வார்த்தை வரும். நாலு முகம் ஒன்றாகப் பார்த்தால் அதுவும் போய்விடும். ஆனால் உள்ளே இருக்கும் பேச்சோ, திருவிழாக் கூட்டம் மாதிரி வெளியே வர வாசல் தேடி முட்டிக்கொண்டிருக்கும். பேசவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. இந்த இரண்டு குறையையும் கூடவே வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன வேலைக்குப் போவான்? மற்றவர்கள் தங்கள் திறமைக்கு வேலை தேடுவார்கள். மூணாளு தன் பயத்துக்கு வேலை தேடினான்.

முதலில் அவனுடைய நைனா அவனைத் தறியில் உட்கார வைத்தார். ஆள் பார்க்காத வேலைதானே, பையனுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட நாடா எறிகிறவர் நைனா மட்டும்தான். ஒரே ஒரு ஆள், அதுவும் முகத்தைப் பார்க்காமல் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். மூணாளுக்கு மடை திறந்துகொண்டது. புடவையில் ஒரு புட்டாப் பூவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவே இழையை எண்ணி இடம் விட வேண்டும். கதை சுவாரசியத்தில் எண்ணிக்கை போய்விட்டது. அறுத்து விரித்துப் பார்த்தால் புட்டாக்கள் எல்லாம் முதல் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் மாதிரி ஒரே மூலையில் நெருக்கியடித்து நிற்கின்றன. மீதி இடமெல்லாம் பொட்டல்.

"உன் வாயை நெய்யாதடா, புடவைய நெய்யி!" என்றார் நைனா. இந்த வாக்கியத்தை நான் என் கடைச் சுவரில் எழுதி ஒட்டலாம் என்று பல நாள் நினைத்ததுண்டு.

அடுத்து ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்குச் சேர்த்துவிட்டார்கள். கல்யாணப் புடவை எடுக்க எங்கள் ஊருக்கு யாரும் தனியாக வருவதில்லை. பெண், பெண்ணின் அம்மா, மாமியார் ஆகப் போகிறவர், இரண்டு பக்கத்து அத்தைகள், நிறம் பார்க்கத் தெரிந்த சித்தி, விலை பேசத் தெரிந்த பெரியப்பா என்று ஒரு வேனே வந்து பாயில் உட்காரும். முதல் நாளே பதினாலு பேர் கொண்ட குடும்பம் மூணாளு முன்னால் உட்கார்ந்துவிட்டது. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு அரக்குப் புடவையை எடுத்து, முந்தானை தெரிய உயரத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் ஒளிந்துகொண்டான். முகம் மறைந்ததும் வாய் திறந்தது. ஜரிகை எப்படி வந்தது, கரை எப்படிச் சேர்ந்தது, இதைக் கட்டிக்கொண்டு மணப்பெண் நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று பேசினான் பாருங்கள், பதினாலு பேரும் அசையவில்லை.

"புடவையே பேசுற மாதிரி இருக்குதுடி!" என்றாளாம் சித்தி.

எல்லாம் நன்றாகத்தான் போனது. விலை பேசத் தெரிந்த பெரியப்பாதான் கெடுத்தார். "தம்பி, கொஞ்சம் கீழ எறக்கு, நெறம் பாக்கணும்" என்றார். புடவை இறங்கியது. பதினாலு முகமும் தெரிந்தன. மூணாளு திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டான். பையனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்த முதலாளி, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அவன் மூஞ்சியில் அடித்தார். பாதி மூஞ்சியில் விழுந்தது. மீதி, அந்த அரக்குப் புடவையில்.

"அன்னிக்குத்தாண்ணே நான் ஆள் எண்ணக் கத்துக்கினேன்," என்று பிற்பாடு என்னிடம் சொன்னான், வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு. "பொடவைக்குப் பின்னால இருக்கசொல்ல எத்தினி பேருன்னு எண்ணல. அதான் பேச்சு வந்துச்சு. எண்ணியிருந்தா மூஞ்சிய மூடியும் பிரயோஜனம் இல்ல. மூணு பேருக்கு ஆறு காது. அதுவரிக்கும் தாங்கும். எட்டுக் காது ஆச்சுன்னா அது கூட்டம்."

பஸ் கண்டக்டர் வேலையா? ஐம்பது பேர் முன்னால் "உள்ள போ" என்று கத்த வேண்டும். கூரியர் வேலையா? கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான், பேச யார் இருக்கிறார்கள்? குடோன் காவலா? அங்கே எலி மட்டும்தான் கேட்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன், ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குப் போனான். பின் சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். பேசலாம், ஆனால் திரும்ப வேண்டாம். கேட்க ஆள் உண்டு, ஆனால் முகம் கிடையாது. சட்டப்படி மூன்று பேர்தான். இறங்கும்போது அந்த டிரைவரின் சீட்டைத் தடவிப் பார்த்தானாம். "என்னப்பா, ஏதாவது விட்டுட்டியா?" என்று அவர் கேட்டதற்கு, "இல்லண்ணே, கண்டுபுடிச்சிட்டேன்" என்றானாம்.

சொந்த வண்டி வந்ததும் அவன் செய்த முதல் வேலை, உள்ளே இருக்கும் கண்ணாடியை வண்டிக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்தது. பின்னால் இருப்பவர்களின் கண் அதில் தெரியக் கூடாது. அதன்பிறகு மூணாளு பேசினான். கோயில் பார்க்க வந்தவர்கள் இறங்க மனசில்லாமல் இன்னொரு சுற்று சுற்றச் சொல்வார்கள்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் அவனுடைய ஒழுங்கைப் பார்த்து உருகிப்போய், சாலைப் பாதுகாப்பு விழாவில் மேடையேற்றி மாலை போட ஏற்பாடு செய்துவிட்டார். "ரெண்டு வார்த்தை பேசணும்பா" என்றும் சொல்லிவிட்டார். விழா நாளில் வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு மூணாளு பஸ் ஏறி வாலாஜாபாத் போய்விட்டான். மாலையை என்ன செய்வது? ஆட்டோவுக்குப் போட்டார்கள். அந்தப் புகைப்படம் இன்னும் என் கடையில் இருக்கிறது. வண்டி ரொம்ப அடக்கமாக நிற்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஸ்டாண்டுக்கு ஆபத்து வந்தது. கோயில் தெருவில் நெரிசல் அதிகம், ஆட்டோ ஸ்டாண்டை ஊருக்கு வெளியே பாலாற்றுப் பக்கம் மாற்றப் போகிறோம் என்று ஒரு பேச்சு. புதிதாக வந்த அதிகாரி கூட்டம் போட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று டிரைவர்களைக் கூப்பிட்டார். மொத்தம் பதினோரு வண்டி, பதினோரு குடும்பம்.

"அங்க போனா நம்ம வண்டியில காக்காதான் ஏறும்," என்றார் மேரி அக்கா. ஸ்டாண்டின் செயலாளர் அவர்தான், அவரும் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஹார்ன் அடிக்கவே மாட்டார், வாயே போதும். ஆனால் அவர் வாய் திறந்தால் முதல் வார்த்தையே சண்டை வார்த்தையாக இருக்கும். அது அவருக்கே தெரியும். "நான் பேசுனா ஸ்டாண்ட இன்னிக்கே தூக்கிடுவாங்க. டேய் மூணாளு, நீதான் பேசற."

"அக்கா, வேணாங்க்கா..."

"ஊரு சனமே உன் பேச்சுக்கு வாயப் பொளந்துக்கினு எறங்குது. பதினோரு வூட்டு அடுப்புடா. பேசு."

மனுவை நான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் என் கடை பீரோவைப் பார்த்துப் பேசிப் பழகினான். பீரோ கதவு கூடக் கேட்டுத் தலையாட்டும் போல இருந்தது.

அந்த நாள் வந்தது. மனுவோடு நானும் போயிருந்தேன். அறையில் மேஜையைச் சுற்றிப் பதினாறு பேர். மூணாளு எழுந்தான். "ஐயா..." என்றான். முகங்களைப் பார்த்தான். சட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். சுவரிடம் இன்னொரு முறை "ஐயா..." என்றான். அவ்வளவுதான் வந்தது.

"யாருப்பா அது, செவுத்துக்கிட்ட மனு குடுக்கறது?" என்றார் அதிகாரி. அறையே சிரித்தது. மேரி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். மூணாளு உட்கார்ந்துவிட்டான். காது மடல் இரண்டும் சிவந்து கிடந்தன. நான் எழுந்து மனுவை வாசித்தேன். என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை.

"சரி, இடத்தை ஒரு தடவை பாத்துட்டு நாளைக்கு முடிவு சொல்றேன்," என்று அதிகாரி எழுந்தார். முடிவு என்னவென்று எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

வெளியே வந்தால் ஜீப்பைக் காணோம். டீசல் போடப் போயிருக்கிறதாம். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூணாளு ஓடிப்போய்த் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். தரையைப் பார்த்துக்கொண்டே, "சார், வாங்க" என்றான்.

அதிகாரி ஏறினார். ஃபைல் வைத்திருந்த உதவியாளர் ஏறினார். இடம் காட்ட நான் ஏறினேன். மேரி அக்காவும் கால் வைத்தார்.

"அக்கா. நாலு ஆவுது."

"அடப்பாவி! பொழப்பே போய்க்கினு இருக்குது, நீ ஆளு எண்ணிக்கினு இருக்கறியா?"

"நீ ஏறுனா எனக்கு வாயி வராதுக்கா."

மேரி அக்கா காலை எடுத்துக்கொண்டார். பத்து வருஷத்தில் அவர் பதில் சொல்லாமல் விட்ட ஒரே வாக்கியம் அதுதான்.

வண்டி தெருவில் இறங்கியது. ஐம்பதடி தூரம் சத்தமே இல்லை. பிறகு அந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

"சார், அதோ நிக்கறாங்களே மஞ்சப் பொடவ அம்மா, செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்கு வருவாங்க. ரெண்டு முட்டியும் போச்சு. ஸ்டாண்டு பாலாத்துப் பக்கம் போயிடும் சார், அவங்க முட்டி இங்கியே இருக்கும்."

அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் பை எடுத்துக்கினு போறாரே, நெசவாளி. பையில பட்டுநூலும் ஜரிகையும். மழ வந்தா அவரு நனைவாரு, பையி நனையக் கூடாது. கைதட்டுனா வண்டி வரணும் சார் அவருக்கு."

பேசிக்கொண்டே போனான். யார் எந்த மணிக்கு வருவார்கள், எந்த வாசலில் வேன்கள் மறித்து நிற்கின்றன, நெரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெருவையே பிரித்துக் காட்டினான். கடைசியில், "பதினோரு வண்டியும் இங்க நிக்க வேணாம் சார். ஆறு வண்டி சொவரோரமா நிக்கட்டும். அஞ்சு வண்டி பின்னால மைதானத்துல. ஒண்ணு கெளம்புனா ஒண்ணு வரும். தெருவும் இருக்கும், நாங்களும் இருப்போம்" என்றான்.

உதவியாளர் தானாகவே ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தார். அதிகாரி கேள்வி மேல் கேள்வி கேட்டார், முதுகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. ஸ்டாண்டு வந்தும் அவர் இறங்கவில்லை.

"இவ்ளோ தெளிவா பேசறியே, இதை ஆபீஸ்ல ஏன்பா சொல்லல?"

"அங்க உங்க மூஞ்சி தெரிஞ்சுது சார்."

அதிகாரி வண்டி குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் உத்தரவு வந்தது. ஆறு வண்டி இங்கே, ஐந்து மைதானத்தில். மேரி அக்கா ஸ்டாண்டு முழுக்க மைசூர்பா கொடுத்தார். இரண்டாவது துண்டை வாயில் போட்டுக்கொண்டு உத்தரவின் கடைசி வரியைப் படித்தார். இந்த ஸ்டாண்டில் எந்த வண்டியும் மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, அப்படி ஏற்றாத முன்மாதிரி ஓட்டுநர் ஒருவர் இங்கேயே இருக்கிறார் என்று அதில் இருந்தது.

"டேய் மூணாளு! ஸ்டாண்டக் காப்பாத்திக் குடுத்துட்டு எங்க எல்லாரையும் மூணாளு ஆக்கிட்டியேடா!"

திட்டிக்கொண்டே மூன்றாவது துண்டை அவன் வாயில் திணித்தார். இன்றைக்கும் எங்கள் ஸ்டாண்டில் எட்டுக் காதுக்கு இடமில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அவனும் அதைத் துரத்தவில்லை. அதற்கு ஒரு சீட்டு போட்டுக் கொடுத்து, கூடவே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இதைப் படிக்கிற உங்கள் முகம் ஒன்றுகூட எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கடையைச் சாத்திவிட்டு, சின்ன காஞ்சிபுரத்துக்கு அவன் வண்டியில் தனியாகப் போனேன். பாதி வழியில் கையை நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே திருப்பினான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண் இரண்டும் அதில் தெரிந்தன. என்னைப் பார்த்தன. பேச்சு வரவில்லை, வராது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் அன்றைக்கு நான் பேசிக்கொண்டு வந்தேன், அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.